ஊரறிந்த ரகசியங்கள்

சட்டத்தின் கணக்கில் நீங்கள் எல்லாம் தெரிந்த ஆள். எந்த ஊர்ப் புஞ்சை எந்தச் சாலைக்குப் போகிறது, எந்த நகராட்சி குப்பை லாரிக்கு டெண்டர் விட்டிருக்கிறது, எந்த முருகேசன் எந்தத் தேதியிலிருந்து முருகேஷ் ஆனார், எல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. அரசிதழில் போட்டாயிற்று.

தமிழ்நாடு அரசிதழ் புதன்கிழமைதோறும் வெளியாகிறது. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று பெரியவர்கள் சொல்லிவைத்தது இதற்காகத்தானோ என்னவோ, பெட்டிக்கடையில் நான் இதுவரை அதைப் பார்த்ததில்லை. ஆனாலும் அதற்கு வாசகர்கள் உண்டு. தங்கள் பெயர் வந்த வாரத்து இதழை மட்டும் வாசிப்பவர்கள். என் சித்தப்பா மகன் அப்படி ஒருவன். எண்கணித ஜோதிடர் அவன் பெயருக்கு ஆங்கிலத்தில் ஒரு 'ஏ' கூடுதலாகச் சேர்த்தால் தொழில் விருத்தியாகும் என்றார். விண்ணப்பம், கட்டணம், போட்டோ, சாட்சி எல்லாம் கொடுத்து, 'இன்னார் மகன் இன்னார் இனி இன்னார் என்றே அழைக்கப்படுவார்' என்று அரசிதழில் வரவழைத்துவிட்டான். அந்தப் பக்கத்தை லேமினேட் செய்து கடையில் மாட்டியிருக்கிறான். தமிழ்நாடு முழுவதற்கும் செய்தி போய்விட்டது, சித்தியைத் தவிர. அவள் இன்றைக்கும் "டேய் குண்டு" என்றுதான் கூப்பிடுகிறாள்.

அரசிதழ் கிடைக்காதவர்களுக்கு நாளிதழ் இருக்கிறது. பொது அறிவிப்புகள் வரும் பக்கத்துக்கு நான் பரம ரசிகன். தலையங்கத்தை விட்டாலும் விடுவேன், அதை விடமாட்டேன். எழுத்து பொடிப்பொடியாக இருக்கும், கண்ணாடியோடு கொஞ்சம் பொறுமையும் வேண்டும். 'என் கட்சிக்காரர்' என்று தொடங்கும் வக்கீல் அறிவிப்புகளில் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறேன். நம் ஊரில் யாரும் அசல் பத்திரத்தை வீட்டில் தொலைப்பதே இல்லை. கரையான் அரிப்பதில்லை, மழையில் நனைவதில்லை, மச்சினன் எடுத்துப்போய் அடகு வைப்பதில்லை. எல்லாப் பத்திரமும் ஜெராக்ஸ் எடுக்கப் போகும்போதுதான் தொலைகிறது, அதுவும் பேருந்து நிலையம் அருகே. காரணம் இல்லாமல் இல்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கியபின்னும் அசல் எங்கே என்று வங்கிக்காரர் கேட்பார். அதற்குப் போலீசில் 'தேடியும் கிடைக்கவில்லை' என்று சான்று வாங்க வேண்டும். போலீஸ் தேட வேண்டுமானால் தொலைந்த இடம் வேண்டும். மச்சினன் பெயரைச் சொன்னால் அது வேறு வழக்கு.

அடுத்தது அலுவலக அறிவிப்புப் பலகை. 2013-ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம் ரொம்பவே அக்கறையோடு எழுதப்பட்டது. அரசிதழ், இரண்டு நாளிதழ், அதில் ஒன்று உள்ளூர் மொழியில், ஊராட்சி அலுவலகம், ஆட்சியர் அலுவலகம், தாலுகா அலுவலகம், இணையதளம் என்று ஓரிடம் விடாமல் அறிவிக்கச் சொல்கிறது. சட்டம் சொன்னதைச் செய்துவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பலகைக்குக் கண்ணாடிக் கதவு, கதவுக்குத் துருப்பிடித்த பூட்டு. சாவி வைத்திருந்தவர் ஓய்வு பெற்றிருப்பார். உள்ளே வெயிலில் வெளுத்து, எழுத்தெல்லாம் போய், வட்டமான முத்திரை மட்டும் மிஞ்சிய தாள்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டப்படி கல்யாணம் செய்யப்போகிறவர்களின் அறிவிப்பை 30 நாள் அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும். ஏலம், டெண்டர், குடிநீர் வரி எதையும் சீந்தாத ஜனங்கள் அந்த ஒரு தாளை மட்டும் நின்று நிதானமாகப் படிப்பார்கள். எங்கள் தெருப் பெண் ஒருத்தியின் கல்யாணச் செய்தி அப்படித்தான் வெளியே வந்தது. வில்லங்கச் சான்று வாங்கப் போன பெரியப்பா, வில்லங்கத்தோடு வீடு திரும்பினார்.

தண்டோரா இருந்த காலத்தில் அறிவிப்பு காதுக்காவது எட்டியது. அடிப்பவரைச் சிறுமைப்படுத்தும் வழக்கம் என்பதால் 2022-இல் அதை நிறுத்தச் சொன்னார்கள், நியாயம்தான். இப்போது ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வருகிறது. ஓட்டுநருக்கு அடுத்த தெருவில் அவசர வேலை. "பொதுமக்கள்" என்பது எதிர்வீட்டுக்காரருக்கும், "கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்பது எனக்கும் கிடைத்தது. நடுவில் இருந்ததைக் கேட்டவர் கடைசி வீட்டில் இருக்கலாம்.

இப்படி யாருக்கும் தெரியாததை எல்லோருக்கும் தெரிந்ததாக எடுத்துக்கொள்ளும் சர்க்கார், எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைத் தனக்குத் தெரியாது என்று சொல்லும். நான் பிறந்தது அப்படிப்பட்ட விஷயம்.

வெளிநாட்டில் இருக்கும் மகள் விசாவுக்காக என் பிறப்புச் சான்றிதழைக் கேட்டாள். 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சான்றிதழே போதும். நான் அவசரப்பட்டு 1966-இல் பிறந்துவிட்டேன். இப்போதைய பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே 1969-இல்தான் வந்தது.

நகராட்சியில் பிறப்புக்கும் இறப்புக்கும் பொறுப்பு சுகாதாரப் பிரிவு. சாக்கடை அடைப்பு, கொசு மருந்து, என் பிறப்பு மூன்றும் ஒரே மேசை. எழுத்தர் தம்பி நல்ல பையன்.

"அய்யா, பழைய பதிவேட்டுல உங்க பிறப்பு இல்லைன்னா இல்லைன்னே ஒரு சான்று தருவோம். அதுக்கும் சீல் உண்டு" என்று தைரியம் சொன்னான்.

இந்த ஊரில் நான் பிறந்ததற்கு ஆதாரம் இல்லை என்று முத்திரையோடு எழுதித் தருவார்களாம். அதையும் சில தூதரகங்கள் வாங்கிக்கொள்கின்றனவாம். 84 வயது அம்மா வீட்டில் இருக்கிறாள், அன்றைக்கு அடித்த மழையிலிருந்து மருத்துவச்சிக்குக் கொடுத்த சேலை வரை சொல்வாள் என்றேன்.

"அம்மா சொன்னா ஆதாரம் ஆகாதுங்கய்யா."

பதிவறையிலிருந்து பதிவேடு வந்தது. தும்மலுக்கு நடுவே பக்கம் புரட்டினோம். அப்பா பெயர், தெரு, தேதி எல்லாம் சரி. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஆண்' என்று மட்டும் இருந்தது. தம்பி என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்து, "அது பொருந்துதுங்கய்யா" என்றான்.

பெயர் சேர்க்கத் தனி விண்ணப்பம். அதோடு பதிவேட்டுப் பக்கத்தின் ஜெராக்ஸ் ஒன்று கோப்பில் இருக்க வேண்டும். அலுவலக மெஷினில் டோனர் இல்லை. தம்பி கொஞ்சம் யோசித்தான். பிறகு 1966-இல் ஊரில் பிறந்த அத்தனை பேரையும் மஞ்சள் பையில் போட்டு அலுவலக உதவியாளர் கையில் கொடுத்தான்.

"அய்யாகூடப் போயி இந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துட்டு வந்துடுங்கண்ணே. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல கடை இருக்கு."