கொடிசியாவில் விலையில்லாச் சரக்கு: ஒரு கள ஆய்வு

கோவை அவிநாசி சாலையில், விமான நிலையத்துக்கு அருகிலுள்ள கொடிசியா வளாகத்தில், மூன்றுக்கு மூன்று மீட்டர் ஸ்டாலுக்குள் நின்றுகொண்டு, ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை ஒருவருக்குச் சும்மா கொடுத்துவிட முடியுமா என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள். முடியாது என்பது கருதுகோள்.

முன்னாய்வுகள் குறைவு. 2010 ஜூன் 23 முதல் 27 வரை இதே வளாகத்தில் செம்மொழி மாநாடு நடந்தபோது தமிழ் இணைய மாநாடும் கூடவே நடந்தது. யூனிகோடைத் தமிழக அரசு ஏற்றதும் அப்போதுதான். ஆனால் அது தமிழுக்காகத் திரண்ட கூட்டம். இன்டெக் போன்ற இயந்திரக் கண்காட்சிக்கு வருகிறவர் விலை விசாரிக்க வருகிறார். பிரஸ்ஸல்ஸில் ஆண்டுதோறும் நடக்கும் ஓப்பன் சோர்ஸ் மாநாடான ஃபாஸ்டெம்மில் இத்தகைய மேசைகள் வரிசையாக உண்டு என்பார்கள். அங்கே மேசைக்கு இரு பக்கமும் நிற்பவர்கள் நிரல் எழுதுகிறவர்களே. அந்தத் தரவு இங்கே செல்லாது.

இனி ஸ்டாலின் உடற்கூறு. மேசை ஒன்று, நாற்காலி இரண்டு, ஸ்பாட் லைட், ஒரே ஒரு பிளக் பாயின்ட். வந்து சேரும் லேப்டாப்களோ நான்கைந்து. தன்னார்வலர் குழு வாரக்கணக்கில் விவாதித்தது டி-சர்ட்டின் நிறத்தை. ஜங்ஷன் பாக்ஸை அடுத்தவர் கொண்டுவருவார் என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள். பரஸ்பர நம்பிக்கையில் இயங்கும் சமூகம் அல்லவா! கடைசியில் பக்கத்து பம்ப் ஸ்டாலில்தான் இரவல். பிறகு இருவர் எதிரெதிரே உட்கார்ந்து, லினக்ஸில் டெபியனா உபுண்டுவா என்று, வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டியபடி விவாதத்தில் இறங்கினார்கள்.

அந்த பம்ப் ஸ்டாலைக் கவனிப்பது ஆய்வாளரின் கடமை. மோட்டார் தொட்டியிலிருந்து தண்ணீரை இழுத்து அதே தொட்டியில் கொட்டிக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான். சுற்றிலும் நாலு வரிசைக் கூட்டம். வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் கையை நீட்டி வேகத்தைப் பார்க்கிறார். நம் மேசையில் லினக்ஸ் சின்னமான பென்குயின் பொம்மை. அதற்குத்தான் விலை கேட்டார்கள்.

மென்பொருளுக்கும் கேட்டவர் உண்டு.

"இது எவ்வளவுங்க?"

"சும்மாதானுங்க."

"சும்மாவா? அப்ப உங்களுக்கு என்னங்க லாபம்?"

இந்த இடத்தில் தன்னார்வலர் 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டத்தை அறிவித்ததிலிருந்து தொடங்கி, பயனருக்கான நான்கு சுதந்திரங்களுக்கு வருகிறார். அவை பூஜ்யத்திலிருந்து எண்ணப்படுபவை. பூஜ்யத்திலிருந்து எண்ணுகிற ஆளிடம் வரவு செலவு வைத்துக்கொள்ளக் கூடாது என்று வந்தவர் நகர்ந்துவிடுகிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். விலை சொல்லாத சரக்கில் ஏதோ வில்லங்கம் இருக்கும் என்பது கொங்கு வணிகத்தின் பால பாடம்.

கருதுகோளை அசைத்தது லினக்ஸ்சிஎன்சி. அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனமான நிஸ்ட் 1990-களில் உருவாக்கிய இயந்திரக் கட்டுப்பாட்டு மென்பொருளிலிருந்து வளர்ந்தது. இன்று தன்னார்வலர்கள் பராமரிக்கிறார்கள். ஒரு பையன் மரம் குடையும் மேசையளவு ரவுட்டரைக் கொண்டுவந்து, லினக்ஸ்சிஎன்சியால் அதை ஓட்டி, பிளைவுட்டில் பூ வெட்ட ஆரம்பித்தான். மரத்தூள் பறந்தது. பட்டறைக்காரர் ஒருவர் குனிந்து பார்த்தார், சத்தத்தைக் கேட்டார், தூளை விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"உள்ள இருக்கறத நாமளே மாத்தி, நம்ம மெஷினுக்குப் போட்டுக்கலாமுங்களா?"

ஸ்டால்மன் பட்டியலில் ஒன்றாம் எண் சுதந்திரம் அதுதான். பட்டியலைக் கேட்காமலே அவர் அங்கே வந்துவிட்டார். இது 1937-இல் ஜி.டி. நாயுடு மின் மோட்டார் செய்துகாட்டிய ஊர். வந்த மோட்டாரைக் கழற்றிப் பார்த்துத் தொழில் கற்ற பட்டறைகள் இங்கே ஏராளம். இவர்களிடம் போய் சுதந்திரத்துக்கு விளக்கவுரை படிப்பது வீண் வேலை. ஸ்டாலில் ஏதாவது ஒன்று ஓட வேண்டும். தூளோ தண்ணீரோ கொட்ட வேண்டும்.

தீராத ஆய்வுச் சிக்கல் ஒன்று உண்டு. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு முடித்த பெரியவர் ஒருவர் கடைசியில் கேட்டார்: "எல்லாஞ் செரி கண்ணு, இதுல டேலி ஓடுமா?"

"ஒயின் போட்டா ஓடுமுங்க" என்றான் தன்னார்வலன், அந்தப் பெயரில் உள்ள மென்பொருளை மனத்தில் வைத்து.

பெரியவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "ஏங் கண்ணு, காத்தாலயேவா?"