லுத்தரும் அன்னம்மாளும்

எழுபதுகளில் பிரிக்ஃபீல்ட்ஸ் நூறு குவார்ட்டர்ஸ் பக்கம் வளர்ந்த எங்களுக்கு ஜெபமாலை மாதா கோயில் கூப்பிடு தூரம்தான் என்றாலும், லுத்தரன் வீட்டுப் பிள்ளை அதன் வாசலைத் தாண்டினால் காணாமல் போன ஆடு என்றே கணக்கு. 1706-இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறக்கிய சுவிசேஷம், ரயிலையும் ரப்பரையும் நம்பிக் கப்பலேறியவர்களோடு மலாயா வந்து, என் பாட்டியின் நாக்கில் நிரந்தரமாகக் குடியேறியிருந்தது. “அவங்க மாதாவக் கும்பிடறவங்க, நாம வேதம் படிக்கிறவங்க” என்பாள். அவள் படித்து நான் பார்த்ததில்லை. பாயில் சாய்ந்தபடி கீர்த்தனை பாடக் கேட்டிருக்கிறேன்.

தடை இருந்தால் ருசியும் இருக்கும் அல்லவா? செவ்வாய்க்கிழமைகளில் பக்கத்து வீட்டு அக்கா புடு அந்தோணியார் கோயில் நவநாளுக்குக் கிளம்பும்போது, ‘துணைக்கு’ என்ற பெயரில் நானும் ஒட்டிக்கொள்வேன். எங்கள் கோயில் வெள்ளைச் சுவரும் நீண்ட பிரசங்கமுமாக மூக்குக்கு வேலையே இல்லாத பக்தி. அங்கேயோ சாம்பிராணி, மல்லிகை, உருகும் மெழுகு, நெரிசலில் வியர்வை என்று மூக்கு ஒருகணம் சும்மா இராது. சுரூபத்தின் பாதத்தைத் தொட வரிசை நகரும்போது, கற்பனைகளை மீறுகிறோமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டாலும், சொட்டிய மெழுகைச் சூடு ஆறுமுன் உருட்டிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்ள விரல்கள் மறந்ததில்லை. அந்த உருண்டையைத் தலையணைக்கடியில் ஒளித்து வைத்துத் தூங்கிய பயல், நான் நரகத்துக்கே போகிறேன் என்று அவ்வளவு பெருமையாக நம்பியதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது.

கிள்ளானில் லூர்து மாதா கோயில் இருக்கிறதே, 1928-இல் கட்டியது, பிரெஞ்சுப் பாணிக் கூரான கோபுரத்தோடு: அதை வெளியே நின்று பார்ப்பது பாவமில்லை என்று எனக்கு நானே சட்டம் இயற்றிக்கொண்டு, பேருந்து பிடித்துப் போய், சட்டத்தை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே நுழைவேன்.

ஆனால் எல்லாவற்றுக்கும் சிகரம் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழா. ஜூலை 26-க்காகத் தலைநகரிலிருந்து இரவு ரயிலேறினால், பொட்டுவைத்த அம்மாக்களும் மொட்டையடித்த பிள்ளைகளுமாக, யார் எந்தச் சாமிக்காரர் என்று பிரிக்க முடியாத கூட்டம். புளிச்சோற்றுப் பொட்டலம் பெட்டி முழுக்கக் கைமாறும், தூக்கம் மட்டும் யாருக்கும் வராது. இப்போது கே.எல். சென்ட்ரலில் மின்ரயில் ஏறினால் சுமார் நான்கு மணி நேரத்தில், குளிரூட்டிய பெட்டியில், பக்கத்து இருக்கைக்காரர் பெயர்கூடத் தெரியாமல் போய் இறங்கிவிடலாம்.

வளர்ந்த பிறகுதான் படித்தேன்: 1505-இல், இருபத்தொரு வயது மார்ட்டின் லுத்தர் எர்ஃபுர்ட் அருகே இடி மின்னலில் மாட்டிக்கொண்டு, உயிர் தப்பினால் துறவியாகிறேன் என்று வேண்டிக்கொண்டது சாட்சாத் இதே அன்னம்மாளிடம்! ஓய்வுநாள் பள்ளியில் 1517-இன் தொண்ணூற்றைந்து வாசகங்களைப் பற்றிச் சொன்னவர்கள் இந்த இடியைப் பற்றி மூச்சு விடவில்லை. முன்னமே தெரிந்திருந்தால் பாட்டியிடம் ஒரு வழக்காவது ஆடியிருப்பேன். தோற்றிருப்பேன், அது வேறு.

1999-இல் ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரன்களும் ரோமாபுரியும் உட்கார்ந்து, விசுவாசத்தால் நீதிமானாவது பற்றிய பழைய சண்டையை ஒரு கையெழுத்தில் ஆற்றிவிட்டார்கள். இன்று எங்கள் ஐயரும் அவர்கள் ஃபாதரும் ஒரே மேசையில் தேநீர் குடிக்கிறார்கள். நல்லதுதான், யார் வேண்டாம் என்றது? ஆனால் திருட்டுத்தனமாக நுழைய ஒரு வாசல்கூட மிச்சமில்லையே.

போன திருவிழாவுக்குப் பேத்தியை அழைத்துப் போனேன். புரொட்டஸ்டன்ட் வீட்டில் பிறந்தவள் என்பது அவளுக்கு ஒரு தகவல், அவ்வளவே. நான் மெழுகுவர்த்தியைப் பற்றவைக்க இடம் தேடிக்கொண்டிருக்க, அவள் காணிக்கைக்குக் கைப்பேசியில் ஐந்து வெள்ளி அனுப்பினாள். அன்னம்மாள் ஏற்றுக்கொண்டாளோ என்னவோ, வங்கி ஏற்றுக்கொண்டதாக உடனே செய்தி வந்தது.