மூணாம் நம்பர் மைக்கும் அந்தோனியார் நாக்கும்

வா தம்பி, வா. மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது, கம்பியூட்டர் கைய விரிச்சிருச்சு. உக்காரு. பிளேன்டீ குடி, கித்துள் கருப்பட்டி இருக்கு, கடிச்சுக்க.

எட்டு மைக் வச்சு நவநாள் பாட்டைப் பதிஞ்சியாமே? நாலு மைக் நேரா சவுண்ட் கார்டுக்கு, மத்த நாலும் பக்கத்துல வச்ச இன்னொரு மைக் பெட்டி வழியா ஒப்டிகல் வயர்ல. வீட்டுல வந்து கேட்டா மூணாம் நம்பர்ல உம்முன்னு வண்டு. அஞ்சுலேர்ந்து எட்டு வரைக்கும் டிக் டிக்குன்னு பல்லி. பாட்டு பாதியில, பாடுற புள்ள குரல் இருக்க வேண்டிய இடத்துல ஆர்மோனியம் வந்து உக்காந்திருக்கு. அதனால கொழும்புக்குப் போய் புது கார்டே வாங்கப் போற. ரொம்ப நல்ல யோசனை. உங்கப்பன் மிளகு வித்த சல்லி சும்மாதானே தூங்குது? கடைக்காரனுக்கும் புள்ளகுட்டி இருக்குல்ல?

எனக்கென்ன தெரியும், நான் பழைய லவுட்ஸ்பீக்கர் செட்டுக்காரன். மாத்தளை முத்துமாரியம்மன் பஞ்சரத பவனிக்குக் குழாய் கட்டினவன். இந்த வஹகோட்டைக்கு மாப்பிள்ளையா வந்த பிறகு நம்ம அந்தோனியார் கோயிலுக்கும் கட்டினவன். எங்க காலத்துல எல்லாத்துக்கும் ஒரே சேனல்தான். கெட்டா மொத்தமா கெடும். எது கெட்டதுன்னு தேடுற வேலையே கிடையாது. நீங்கதான் கெடுறதுக்கு எட்டு வழி போட்டு வச்சிருக்கீங்க.

சரி, கொழும்பு பஸ் ஏறுறதுக்கு முன்னாடி கிழவனுக்காக ஒரு காரியம் பண்ணு. மைக்குக்குக் கரண்ட் கொடுக்கிற 48 வோல்ட் பட்டனை அணைச்சுட்டு, மூணாம் வயரைப் பிடுங்கி நாலுல குத்து, நாலாம் வயரை மூணுல குத்து. வண்டு நாலுக்குப் பறந்துருச்சுன்னா குத்தம் வயர்லயோ மைக்லயோ. மூணுலயே குந்தியிருந்தா குத்தம் கார்டுப் பக்கம். வீட்டுல ஓயாம சண்டைன்னா மருமகளை ஒரு வாரம் அம்மா வீட்டுக்கு அனுப்பிப் பார்க்கிறதில்லையா, சண்டையும் கூடவே போகுதா, இல்ல மாமியார்கிட்டயே தங்கிருச்சான்னு? அதே கணக்குதான். ஆனா ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்து. நேத்து நீ வயரை மாத்தி, மைக்கை மாத்தி, டிரைவரையும் அழிச்சுட்டுத் திரும்பப் போட்டியாம். கொஞ்ச நேரம் சத்தம் நின்னுச்சாம். எதனால நின்னுச்சுன்னு கேட்டா ஆந்தை மாதிரி முழிக்கிற.

வயர், மைக் மாத்தியும் அந்த வண்டு போகலைன்னா வேற சாதி. நம்ம ஊர் கரண்ட் செக்கனுக்கு 50 தடவை ஆடுது. அதோட மூச்சுதான் அந்த உம். சார்ஜரைப் பிடுங்கிட்டு கம்பியூட்டரை பேட்டரியில ஓட்டிப் பாரு. வண்டு ஓடிப் போச்சுன்னா, கம்பியூட்டர், பெட்டி எல்லாத்தையும் ஒரே பிளக் பேஸுக்குக் கொண்டு வா. அதுக்காக ஏர்த் கம்பியை வெட்டிறாத. அப்புறம் அடுத்த பாட்டு உனக்காக நாங்க பாட வேண்டியதாயிரும்.

பல்லிக் கதைக்கு வருவோம். அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு, நாலும் ஒண்ணா டிக்கடிக்குது. நாலு வயர் ஒரே நாள்ல பேசி வச்சுக்கிட்டா சாகும்? அந்த நாலும் வர்ற பாதை ஒண்ணு, பக்கத்துப் பெட்டி. நான் தோட்டத்துல பிறந்தவன். விடிகாலையில தப்படிச்சாத்தான் வேலைக்குப் பேர் போடுற பேரட்டுக்குப் போவோம். மேல் கணக்குல ஒருத்தன் அடிக்க, கீழ்க் கணக்குல ஒருத்தன் ஒரு நொடி பிந்தி அடிச்சா, நடுவுல இருக்கிற லயத்துக்காரன் எந்தத் தப்புக்கு எழும்புவான்? உன் பெட்டி செக்கனுக்கு 48,000 தடவை அடிக்குது. கார்டும் 48,000 தான் அடிக்குது, ஆனா அதோட சொந்தக் கடிகாரத்துல. ரெண்டுக்கும் ஒரே ஒரு அடி வித்தியாசம் வந்தாப் போதும், செக்கனுக்கு ஒரு டிக். வயர் பெட்டியிலேர்ந்து கார்டுக்குத்தானே வருது? அப்போ பெட்டிதான் கங்காணி. கார்டு செட்டிங்ல கிளாக்னு ஒரு இடத்துல ‘இன்டர்னல்’னு கிடக்கும், அதை ‘எக்ஸ்டர்னல்’னு மாத்து. பல்லி செத்துரும். செலவு? இந்த பிளேன்டீதான்.

அடுத்தது இடம் மாறின ஆர்மோனியம். எட்டு மைக்கோட சத்தமும் கார்டுலேர்ந்து ஒரே யூஎஸ்பி வயர்ல பந்தி உக்காந்துதான் கம்பியூட்டருக்குப் போகுது. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எட்டு வரைக்கும், மறுபடி ஒண்ணு. நடுவுல ஒருத்தன் எழும்பி ஓடிட்டா மத்தவன் எல்லாம் ஒரு இலை நகர்ந்து உக்காருவான். பரிமாறுறவனுக்குத் தெரியுமா? மூணாவது ஆளுக்குன்னு வச்சிருந்த பாயாசத்தை நாலாவது ஆள் இலையில ஊத்திட்டுப் போயிருவான்.

ஏன் எழும்பி ஓடுறான்? நெரிசல். 24 பிட்டுல, 48,000 கணக்குல, எட்டு சேனலுக்கு செக்கனுக்கு 92 லட்சத்து 16 ஆயிரம் பிட். பழைய யூஎஸ்பி 1.1-ல மொத்தமே 1 கோடியே 20 லட்சம்தான், அதுலயும் எல்லாம் சத்தத்துக்குக் கிடைக்காது. யூஎஸ்பி 2-ன்னா 48 கோடி. நீ என்னடான்னா சந்தையில வாங்கின ஓட்டை ஹப்புல கார்டு, மவுஸ், பென் டிரைவ் எல்லாத்தையும் தொங்கவிட்டு, போனையும் சார்ஜுக்குப் போட்டிருக்க. ஞாயித்துக்கிழமை கலேவெல பஸ்கூட இப்படி ஏத்த மாட்டான். கார்டைக் கம்பியூட்டர்லயே நேரா குத்து.

பஃபரையும் பாரு. 64 அடிக்கு வச்சிருக்க. அது பீலித் தண்ணியை டீ டம்ளர்ல பிடிக்கிற வேலை. ஒன்றரை மில்லி செக்கன்கூட ஆகாது, நிரம்பிரும். கம்பியூட்டர் கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள தண்ணி மண்ணுக்குப் போயிரும். 512-ன்னு வாளியை வை, பத்து மில்லி செக்கனுக்கு மேல தாங்கும். பாடுறவங்க கம்பியூட்டர் வழியா தங்க குரலைக் கேட்டுப் பாடினாத்தான் அந்தச் சுணக்கம் உறைக்கும். நம்ம கோயில்ல யாரு காதுல ஹெட்போன் மாட்டிப் பாடுறா?

இன்னும் உன் முகம் தெளியலையே. அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தி ஏத்தட்டுமாங்கிற. ஏத்து, தொலைஞ்சதைத் தேடிக் கொடுக்கிறவர்தானே. அவரு லிஸ்பன்ல பிறந்தவரு, 1231-ல பதுவாவுக்குப் பக்கத்துல செத்தாரு. 1263-ல அவரோட சவப்பெட்டியைத் திறந்தப்போ உடம்பு மண்ணாகி, நாக்கு மட்டும் கெடாம இருந்துச்சுன்னு சொல்றாங்க. எட்டு சேனல் போனா என்ன தம்பி, அவருக்கு ஒரே சேனல்தான் மிஞ்சிச்சு. ஆனா அது பிரசங்கம் பண்ணின சேனல்.

சிரிக்காத. இந்த ஊரும் ஒரு சேனலைத் தொலைச்ச ஊருதான். இங்கே உள்ளவங்க போர்த்துக்கீசச் சிப்பாய்ங்க வழி வந்தவங்கன்னு உனக்கே தெரியும். ரெண்டு தலைமுறைக்கு முன்னாடி வரைக்கும் போர்த்துக்கீசம் கலந்த ஒரு பேச்சு இங்கே புழங்குச்சு. இப்போ வீட்டுக்கு வீடு சிங்களம். மட்டக்களப்பு, திருகோணமலைப் பறங்கியர்கிட்ட அந்த வகைப் பேச்சு இன்னும் உசிரோட இருக்கு. லிஸ்பன் பல்கலைக்கழகத்து ஹியூகோ கார்டோசோ குழு வந்து அதைப் பதிஞ்சு வச்சிருக்கு. இங்கே நீ எட்டு மைக் வச்சாலும் பேச வாய் இல்லை.

அதனால சல்லியை உள்ள வை. திருவிழாக் கொடியேத்தத்துக்கு முந்தின நாளே வந்து எட்டு மைக்கையும் கட்டு, பத்து நிமிஷம் பதி, ஒவ்வொண்ணாத் தனியா வச்சுக் கேளு. தொலைஞ்சதைத்தான் அந்தோனியார் தேடித் தருவாரு, தம்பி. பதியவே பதியாததை எங்கேயிருந்து எடுத்துத் தருவாரு?