ஃபில்டர் நீங்காமை: யானைக்கவுனியை முன்வைத்து ஓர் இலக்கண ஆய்வு

ஆறாம் வேற்றுமை உடைமையைச் சொல்லும். அந்த உடைமை இருவகைப்படும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். உடையவனை விட்டுப் பிரியாதது தற்கிழமை, எனது கை என்பதுபோல. பிரியக்கூடியது பிறிதின்கிழமை, எனது குடை என்பதுபோல. அப்படியானால் வாஷிங் மெஷினது ஃபில்டர் எந்தக் கிழமை? செய்தவர்கள் பிறிதின்கிழமை என்கிறார்கள். மெஷினோடு வந்த புத்தகத்தில், கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகத் திருகி வெளியே இழுக்கவும் என்று படம் போட்டே காட்டியிருக்கிறது. ஆனால் யானைக்கவுனியில் நாலு வருஷம் ஓடிய மெஷினில் அது தற்கிழமையாகிவிடுகிறது என்பதே இந்தக் கட்டுரையின் துணிபு. கை வந்தாலும் வரும், ஃபில்டர் வராது.

முதலில் ஆய்வுக்களம். கவுனி என்றால் கோட்டை வாசல். 1758-59இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, கோட்டைக்கு வெளியே இருந்த கறுப்பர் நகரம் அவர்கள் கைக்குப் போனது. 1767இல் ஐதர் அலியின் மகன் திப்பு, மீசை அரும்பும் வயதில், குதிரைப்படையோடு சென்னையின் புறப்பகுதிவரை வந்து கலக்கிவிட்டுப் போனார். கிழக்கிந்தியக் கம்பெனி அலறியடித்துக்கொண்டு கறுப்பர் நகரத்தைச் சுற்றி மதில் கட்டியது, அதன் வாசல்களில் ஒன்றுதான் யானைக்கவுனி. காண்டிராக்ட் எடுத்தவர் பால் பென்ஃபீல்டு. உள்ளே குடியிருப்பவர்களிடம் வரி போட்டுச் செலவை ஈடுகட்டலாம் என்று கணக்குப் போட்டார்கள். வரி வசூலாகவில்லை. மதிலும் போயிற்று, வடக்கே மாடிப் பூங்காவில் ஒரு துண்டு மட்டும் நிற்கிறது. வசூலாகாத அந்த வரியின் பெயரில்தான் இன்றைக்கும் வால்டாக்ஸ் ரோட்டில் டிராஃபிக் நிற்கிறது.

அதே ஆண்டுகளில் ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் நகரில் யாக்கோப் கிறிஸ்டியன் ஷேஃபர் என்ற பாதிரியார் துணி துவைக்க ஓர் எந்திரத்தை வடிவமைத்து, அதைப் பற்றி நூலும் எழுதினார். அவருடைய இன்னொரு துறை பூஞ்சைக் காளான்கள். மெஷின் கதவின் ரப்பர் வளையத்தை என்றைக்காவது விரித்துப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பிராது. வாசலும் எந்திரமும் ஒன்றையொன்று சந்திக்க இருநூற்றைம்பது ஆண்டுக்கு மேல் பிடித்தது. சந்தித்த இடம் எங்கள் வீட்டு பாத்ரூம்.

வண்ணாரப்பேட்டை இங்கிருந்து நடந்து போகிற தூரம். கம்பெனியின் துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியேறிய பகுதி, பெயரே சொல்லும். அவர்கள் கல்லில் அடித்தார்கள். கல்லுக்கு ஃபில்டர் கிடையாது. தொழில்நுட்ப வரலாற்றில் இதைவிட முக்கியமான வாக்கியம் எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்து, கிழமை மாறுவதற்கான காரணம். குடிதண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கட்டும், வேறு வழியே இல்லையென்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைவனம். எங்கள் தெருவில் மெட்ரோ வாட்டர் சமையலுக்கு, போர் தண்ணி மற்றதெல்லாவற்றுக்கும். போர் தண்ணியில் சோப்பு நுரைப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். வாளி காய்ந்தால் உள்ளே வெள்ளைக் கோடு. அதே வெள்ளைதான் மெஷினின் அடியில், ஃபில்டரின் மரையிலும் அதைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்திலும் கரையாத சோப்புத்தூளோடு சேர்ந்து பூசிக்கொள்கிறது. அந்தக் காலத்து மதராஸ் சுண்ணாம்புப் பூச்சு பேர்போனது, கிளிஞ்சல் சுட்டுச் செய்தது. இது கிளிஞ்சல் இல்லாமலே, கொத்தனார் கூலி இல்லாமலே நடக்கிறது.

களப்பணி ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. மெஷின் தண்ணீரை வெளியேற்றாமல் முக்கியது. வலது கீழ்மூலையில் உள்ள சின்ன மூடியைத் திறந்து ஃபில்டரைத் திருகினேன். அசையவில்லை. துணி சுற்றிக் கட்டிங் பிளேயரால் திருகினேன். பிடி கையோடு வந்தது, ஃபில்டர் உள்ளேயே இருந்தது. இலக்கணப்படி பார்த்தால் பிடி பிறிதின்கிழமை என்று நிறுவியாகிவிட்டது, பாதி வெற்றி. வீட்டில் இந்த விளக்கம் எடுபடவில்லை. மிச்சமிருந்த பிளாஸ்டிக் விளிம்பில் ஸ்க்ரூட்ரைவரை வைத்துச் சுத்தியால் தட்டியதை இங்கே விரிக்காமல் விடுகிறேன்.

மெக்கானிக் வந்து குனிந்து பார்த்தார். "இன்னா சார், ஸ்க்ரூட்ரைவர் வுட்டு நோண்டிக்கீறீங்க?"

"லேசா."

"இது முன்னால வராது சார். பின்னால போயி எடுக்கணும்."

எதிரி வாசலைச் சாத்திக்கொண்டால் பின்பக்கமாகப் போவது பழைய போர்முறைதான். முதலில் பிளக்கைப் பிடுங்கினார். பிறகு தண்ணீர் வெளியேறும் குழாயை, அது மாட்டியிருந்த கொக்கியிலிருந்து எடுத்துத் தரையில் போட்டார். மேலே தூக்கிக் கட்டியிருந்ததால்தான் தண்ணீர் உள்ளே நின்றதாம். டிரம்மைவிடக் கீழே இறங்கியதும் மோட்டார் இல்லாமலே தானாக ஓடியது. எனக்கு இது தெரிந்திருந்தால் அரை நாள் கப்பில் மொண்டு ஊற்றியிருக்க மாட்டேன்.

மெஷினைச் சாய்த்துச் சுவரில் முட்டுக்கொடுத்து, அடிவழியாகப் பம்பின் ஸ்க்ரூக்களைக் கழற்றிப் பம்பை உருவினார். டார்ச் அடித்துக் காட்டினார். புடவை ஊக்கு ஒன்று வாயைத் திறந்தபடி, ஃபில்டரின் விலாவில் நுழைந்து மறுமுனையில் சுவரைக் குத்திக்கொண்டு நின்றது. சுண்ணாம்பு வெறும் காரை, உண்மையான தாழ்ப்பாள் இந்த ஊக்கு. ஒல்லிமூக்கு பிளேயரால் அதை எடுத்துவிட்டு, பின்னாலிருந்தே ஃபில்டரின் விலாவைப் பிடித்துத் திருகினார். கடிகார முள் போகும் பக்கமாக! நான் பதறிப்போய்த் திருத்தினேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. முன்னால் நிற்பவனுக்கு எதிர்ப்பக்கம் பின்னால் இருப்பவனுக்கு நேர்ப்பக்கம். புத்தகத்தில் இந்தப் பாடபேதம் இல்லை. ஃபில்டர் பொளக்கென்று வந்தது.

அகழ்வில் கிடைத்தவை: மேலடுக்கில் கறுப்புக் கூழ், ஒருகாலத்தில் ஏதோ டிக்கெட்டாக இருந்தது. அடுத்து ஹேர்பின்கள், ஜாக்கெட் கொக்கி, ஒரு ரூபாய் நாணயம். அடிமட்டத்தில் ஒரு நாலணா. இதுதான் ஆய்வுலகத்தைக் குழப்பக்கூடியது. நாலணா 2011 ஜூன் 30 முதல் செல்லாமல் போனது, எங்கள் மெஷின் அதற்குப் பல வருஷம் கழித்து வாங்கியது. பக்கத்துத் தெருவான தங்கசாலையில் ஒருகாலத்தில் நாணயம் அடித்தார்கள் என்பதை வைத்து எதையும் நிறுவ முடியாது. மாமனாரின் வேட்டி மடிப்பின்மேல் எனக்கு ஐயம் உண்டு. குடும்ப அமைதி கருதி அந்தத் திசையில் ஆய்வைத் தொடரவில்லை.

ஐந்தாம் வேற்றுமையின் பொருள்களில் நீங்கலும் ஏதுவும் உண்டு. நீங்கல் முடிந்தது. ஏது யார் என்ற விசாரணையில் ஊக்கு யாருடைய புடவையினது என்பது தெரியவந்தபோது, பிடியை உடைத்தது யார் என்ற எதிர்க்கேள்வி வந்து வழக்கு சமரசமானது.

புது ஃபில்டர் போட்ட பிறகு மெக்கானிக் சொன்னது இரண்டே விஷயம். மூடும்போது பிளேயர் வேண்டாம், கை இறுக்கமே போதும். மாசம் ஒருதரம் கழற்றிக் கழுவணும். இரண்டாவது புத்தகத்திலும் இருக்கிறது. மதில் வரியைப் போலவே அதையும் இந்தப் பக்கத்தில் யாரும் கட்டியதாகத் தெரியவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் முன்பக்கம் திறக்கும் மெஷின் இருந்தால், இப்போதே எழுந்து போய்க் கீழ்மூலையில் அந்த மூடியைத் திறந்து பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, குழாயைத் தரையில் இறக்கிவிட்டு. ஃபில்டர் அசையவில்லை என்றால், தயவுசெய்து பிடியோடு சண்டை போடாதீர்கள்.