மாலை போட்ட மெஷின்

(மதுரை அண்ணா நகர்ப் பக்கம், ஒரு பூக்கடை வாசல். வெள்ளை வேட்டி, கையில் நோட்டீஸ் கட்டு. விழாக்குழுச் செயலாளர் என்று சொல்லாமலே தெரியும்.)

செயலாளர்: அப்பத்தா, ஆளுயர மாலை ரெண்டு வேணும். சம்பங்கில கட்டு, நடுவுல ரோசா வை. ஒண்ணு தலைமை விருந்தாளிக்கு, ஒண்ணு மெஷினுக்கு.

அப்பத்தா: மெஷினுக்குக் கழுத்து எங்கிட்டுப்பா இருக்கு?

செயலாளர்: போன தடவை கண்ணு பாக்குற மெஷினுக்குப் போடலையா? தாடை வைக்கிற தட்டுல சுத்தி விட்டோம்ல, அம்சமா இருந்துச்சு. இந்தத் தடவை அதைவிடப் பெருசு. ரோபோ! டாக்டரே வேண்டாம், தானா ஆப்பரேஷன் பண்ணிரும். பூராவும் ஏஐ.

அப்பத்தா: அது இருக்கட்டும். எங்க தெருவுல பத்துப் பேரு ஒன் கண்ணு மெஷினுக்குப் போயிட்டு வந்தாக. பத்துப் பேரு கையிலயும் ஒரே சீட்டு. "படம் தெளிவில்லை, மறுபடி வரவும்."

செயலாளர்: எம்புட்டு அடக்கமான மெஷினு பாத்தியா! எனக்குத் தெரியலைன்னு எந்த டாக்டராவது ஒத்துக்கிருவாரா?

அப்பத்தா: மறுபடியும் போனாக. மறுபடியும் தெளிவில்லை. எம் பேத்தி கண்ணாஸ்பத்திரில சிஸ்டரா இருக்கால்ல, அவ ஒரு ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்துட்டு வந்து தலையில அடிச்சுக்கிட்டா. பூசை போட்டப்ப லென்சு மேலயே சந்தனத்த அப்பி, நடுவுல குங்குமம் வச்சிருக்கீக!

செயலாளர்: நெத்திக்கண்ணுன்னு நெனச்சோம் அப்பத்தா. ஐதீகம்.

அப்பத்தா: ஐதீகம் சரிதான், படம்தான் தெளிவில்லை.

செயலாளர்: ஒனக்கு இதோட பெருமை தெரியாது. கூகுள்காரங்க செஞ்ச கண்ணு ஏஐ மொத மொதல்ல நடைமுறைக்கு வந்ததே நம்ம மதுரைலதான். மேடையில அரை மணி நேரம் பேசுனேன்.

அப்பத்தா: அது நெசம். 2019-ல அரவிந்த் கண்ணாஸ்பத்திரில வந்துச்சு. அதுக்கு முன்னாடி நடந்ததைப் பேசுனியா? 2016-லயே அமெரிக்க மருத்துவப் பத்திரிகையில எழுதிட்டாகளாம். 1,28,175 விழித்திரைப் படம். நம்ம நாட்டுக் கண்ணும் அதுல உண்டு, நம்ம கண்ணாஸ்பத்திரிப் படமும் உண்டு. 54 டாக்டருங்க பங்கு போட்டு, ஒரு படத்தை மூணு தடவையில இருந்து ஏழு தடவை வரைக்கும் பாத்து, இதுல சர்க்கரையால விழித்திரை கெட்டிருக்கு, இதுல இல்லைன்னு குறிச்சுக் குடுத்திருக்காக. அதைப் படிச்சுத்தான் மெஷினு தேறுச்சு. அதுக்கு 54 வாத்தியாரு. ஒன் மெஷினுக்குச் சொட்டு மருந்து விட ஒரு ஆளு இருக்கா?

செயலாளர்: ஆளு வேண்டாம்னுதானே மெஷினே வாங்குனோம்! சம்பளம் மிச்சம்ல?

அப்பத்தா: நீ சொல்றது தெளிவில்லை, மறுபடி சொல்லு.

செயலாளர்: சம்பளம்...

அப்பத்தா: மருந்து விட்டாத்தான் வயசானவுகளுக்குக் கண்ணு பாப்பா நல்லா விரியும். ரூமு இருட்டா இருக்கணும். புரை விழுந்திருந்தா படம் மங்கும், அதை ஒரு ஆளு பாத்துத்தான் டாக்டர்கிட்ட அனுப்பணும். அந்தக் கூகுள் ஏஐயத் தாய்லாந்துல 11 ஆஸ்பத்திரில வச்சுப் பாத்தாகளாம். 1,838 படத்துல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல மெஷினு தள்ளிருச்சு. ரூமுல வெளிச்சம் அடிச்சதும் ஒரு காரணமாம். அங்க ஆளு இருந்தே அந்தக் கதி. ஒன் ரூமுல சன்னலுக்குத் திரை இல்ல. பந்தக்காரன் சேரை மோட்டு வரைக்கும் அடுக்கி வச்சிருக்கான்.

செயலாளர்: அடுத்த விழாவுக்கு வேணும்ல! சரி விடு, ரோபோவுக்கு வா. அதுல குறை சொல்ல முடியாது. டாக்டர் கை நடுங்கும், ரோபோ கை நடுங்காது.

அப்பத்தா: ரோபோ தானா அறுக்காதுய்யா. டாக்டர் அதே ரூமுல ஒரு பொட்டிக்குள்ள பாத்துக்கிட்டு விரலை ஆட்டுறாரு, அங்கிட்டு அது ஆடுது. பொம்மலாட்டந்தான். ஆட்டுறவரு கெட்டிக்காரரா இருந்தா பொம்மையும் நல்லா ஆடும்.

செயலாளர்: அப்ப ஏஐ எங்க இருக்கு?

அப்பத்தா: ஒன் நோட்டீசுல இருக்கு. கையப் பத்திப் பேசுறியே, வெங்கடசாமி டாக்டரு கையப் பாத்திருக்கியா? முடக்குவாதத்துல கோணிப்போன விரலு. வேலையில இருந்து ஓய்வு வாங்கின பெறகு, 1976-ல, 11 கட்டிலப் போட்டு அரவிந்த் கண்ணாஸ்பத்திரிய ஆரம்பிச்சாரு. அந்தக் கோண விரலால லட்சத்துக்கு மேல கண்ணு ஆப்பரேஷன். ஊருக்கு ஊரு முகாம் போட்டு, ஆளைக் கூட்டியாந்து, சோறு போட்டுத் திரும்பக் கொண்டு போய் விட்டாக. அந்த வேலையெல்லாம் நடந்த எடத்துல மெஷினு வந்து சேந்துச்சு. நீ மெஷினை மட்டும் எறக்கி மாலை போட்டுட்ட.

செயலாளர்: ஒனக்கு மெஷினே பிடிக்கல அப்பத்தா. பழைய காலத்து மனுசி.

அப்பத்தா: (கையிலிருந்த நாரைக் கீழே வைத்துவிட்டு) எவன்டா சொன்னது பிடிக்கலைன்னு? எங்க வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. கண்ணு வலிக்கல. வலிச்சிருந்தா போயிருப்போம். ஒரு நா பொழுது சாய இங்கனதான் உக்காந்து கட்டிக்கிட்டு இருந்தாரு. நாரு எங்க, நாரு எங்கன்னு தரையத் தடவுறாரு. மடியிலதான்டா கெடந்துச்சு! தூக்கிக்கிட்டு ஓடுனேன். லேசர் வைக்கிற கட்டம் தாண்டிருச்சுன்னுட்டாக. ஒரு வருசம் முந்தி ஒரே ஒரு படம் எடுத்திருந்தா... ரெண்டு நிமிசம் ஆகுமாடா அதுக்கு? அந்த மெஷினு நல்ல மெஷினு. அதைத்தான் சேருக்கு நடுவுல பூட்டி, சாவியையும் தொலைச்சிட்டு நிக்கிற நீ!

(செயலாளர் கொஞ்ச நேரம் செல்போனைத் தடவினார். அழைப்பு எதுவும் வரவில்லை.)

செயலாளர்: சாவி தொலையல அப்பத்தா. பொருளாளர்கிட்ட இருக்கு, அவர் சிங்கப்பூர் போயிருக்காரு... சரி, மாலை காலையில ஏழு மணிக்கு வேணும்.

அப்பத்தா: போன விழாவுக்குக் கட்டுன ரெண்டு மாலைக்கே இன்னும் காசு வரல. அதைக் குடுத்துட்டுப் பேசு.

செயலாளர்: அந்தக் கணக்கா? அது இன்னும் தெளிவில்லை அப்பத்தா. மறுபடி வரவும்.