மோருக்கு மூலம் அடுத்த வீடே: ஹுத்தான் மெலிந்தாங் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

வீட்டிலேயே மோர் செய்வது எப்படி என்று கேட்போர் பெருகிவிட்டனர். கேள்வியிலேயே கோளாறு இருக்கிறது. பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, ஒரு கரண்டி உறைமோர் ஊற்றி மூடிவைத்தால் தயிர். அதைக் கடைந்து மூன்று நான்கு மடங்கு தண்ணீர் விட்டு, உப்பு, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை சேர்த்தால் மோர். இதில் பால் கடையில் வாங்கியது, அடுப்பு நம்முடையது, தண்ணீர் குழாயில் வந்தது. அந்த ஒரு கரண்டி உறைமோர் யாருடையது? மோர் செய்ய மோர் வேண்டும். எனவே எந்த வீடும் தனியாக மோர் செய்ததில்லை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

2. முன்னோர் கூற்று

பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஓர் ஆய்மகளைக் காட்டுகிறார். விடியலில் தயிர் கடைந்து, மோரை விற்றுச் சுற்றத்தாருக்குச் சோறிடுகிறாள். நெய்யைப் பொன்னுக்கு விற்காமல் எருமையாகவும் பசுவாகவும் மாற்றிக்கொள்கிறாள். வணிகவியலார் மெச்சும் இடம் இது. ஆனால் முதல் நாள் உறை எங்கே வாங்கினாள் என்பதைப் புலவர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

சிலப்பதிகாரத்து மாதரி நமக்கு இன்னும் நெருக்கமானவள். குடத்துப் பால் உறையவில்லை என்றதும் ஏதோ கேடு வரப்போகிறது என்று அஞ்சிக் குரவைக் கூத்துக்கு ஏற்பாடு செய்கிறாள். இளங்கோவடிகளோடு இவ்வாய்வாளருக்குப் பிணக்கில்லை. ஆயினும் ஆடுவதற்கு ஆள் சேர்க்கும் முன் பக்கத்து வீட்டில் நல்ல உறையாகக் கொஞ்சம் கேட்டுப் பார்த்திருக்கலாம் என்பதைப் பணிவுடன் பதிவு செய்கிறார்.

3. களம்

ஆய்வுக்களமான ஹுத்தான் மெலிந்தாங், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் பெர்ணம் ஆற்றங்கரையில் உள்ளது. அடுத்துள்ளது ஜெண்டராட்டா தோட்டம். 1906-இல் அதை ரப்பர் தோட்டமாகத் தொடங்கியவர் டென்மார்க்கைச் சேர்ந்த பொறியாளர் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ். வெண்ணெய் ஏற்றுமதிக்குப் பேர்போன டென்மார்க்கில், கோடை வந்தால் மோரில் முட்டை, சர்க்கரை, வெனிலா கலந்து ‘கொல்ஸ்கோல்’ என்று உண்பார்கள். ஆக, துரையின் பங்களா மரபும் தொழிலாளர் குடியிருந்த லயத்தின் மரபும் மோரை அறிந்தவையே. ஒன்று முட்டையைப் போட்டது, மற்றொன்று பச்சை மிளகாயைப் போட்டது. இதைவிடப் பெரிய வேற்றுமை சம்பளத்தில்தான் இருந்தது.

லயத்தில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. ஒரு வீட்டில் உறை தீர்ந்தால் இன்னொரு வீட்டில் இருக்கும். அங்கே கெட்டுப்போனால் மூன்றாம் வீட்டில் இருக்கும். இன்று அத்தை வீட்டில் உறைவது போன மாதம் சின்னம்மா வீட்டில் உறைந்ததன் வழித்தோன்றல். தயிரில் வேலை செய்வது லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள். பல்கேரியத் தயிரிலிருந்த ஒன்றை 1905-இல் ஸ்டாமென் கிரிகோரோவ் கண்டறிந்தார். அதற்கு அவர் நாட்டின் பெயரே நிலைத்தது. பத்து வீட்டுக்கு உறை கொடுத்த நம் அத்தையின் பெயரை எந்தக் கிருமிக்கும் யாரும் வைக்கவில்லை.

4. காலம்

விளக்கு வைத்த பிறகு உப்பு, ஊசி, தயிர், மோர் எதையும் வெளியே கொடுக்கக் கூடாது என்பது ஐதிகம். பாலுக்கு உறை ஊற்றுவதோ இரவுச் சாப்பாடு முடிந்த பின். கொடுக்கும் நேரமும் தேவைப்படும் நேரமும் இப்படி முட்டிக்கொள்வதால், உறை கேட்பவர் பொழுது சாயும் முன்பே தம் வறுமையை உணர்ந்திருக்க வேண்டும். மறதிக்காரர் வீட்டில் மறுநாள் ரசம்.

இச்சிக்கலைத் தளர்த்தியது அரசாங்கம். சபா, சரவாக் நேரத்தோடு ஒத்துப்போக, 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டன. வேலை முடியும் மணி மாறவில்லை, இருட்டுவது மட்டும் அரை மணி தள்ளிப்போனது. உறைக்கடன் வரலாற்றில் இது ஒரு பொற்காலத்தின் தொடக்கம். அமைச்சரவை அதை எண்ணிச் செய்திருக்காது என்பது வேறு.

5. மாற்றுக் கொள்கைகளும் மறுப்பும்

அ. எலுமிச்சைக் கொள்கை. ஒரு கப் பாலில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டுப் பத்து நிமிடம் வைத்தால் மோர் என்பர் கேக் சுடும் இளந்தலைமுறையினர். கேக் எழும்பும், மறுப்பதற்கில்லை. ஆனால் இது தோட்டத்து ஆலை முறை. ரப்பர் பாலில் ஃபார்மிக் அமிலம் ஊற்றி உறைய வைப்பதும் இதே வேதியியல்தான்: புளிப்பு ஏறினால் பால் திரளும். அமிலம் அலுவலகத்திலிருந்து வரும், யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. ஆனால் இன்று திரிந்த பாலில் நாளைக்கு விதை இல்லை.

ஆ. காம்புக் கொள்கை. மிளகாய்க் காம்பைப் போட்டாலே பால் உறையும் என்பர். உறையும். ஆனால் முதல் தயிர் கொழகொழவென்று இருக்கும். அதை எடுத்து இரண்டாம், மூன்றாம் முறை உறையூற்றிய பிறகே வாயில் வைக்கலாம். மேலும் அந்த மிளகாய்ச் செடி யார் வீட்டு வேலியோரம் நின்றது என்று விசாரித்தால் கொள்கை மீண்டும் நம் வாசலுக்கே வந்து சேரும்.

இ. டப்பாக் கொள்கை. பக்கத்து நகரமான தெலுக் இந்தானின் பேரங்காடியில் சர்க்கரை சேராத தயிர் வாங்கி அதையே உறையாக்கலாம். உள்ளே கிருமி உயிரோடிருந்தால் வேலை செய்யும். விலை கொடுத்து வாங்கிய அடுத்த வீடு என்று இதை வகைப்படுத்தலாம்.

6. இடைக்குறிப்பு: வெண்ணெய் எங்கே?

பெட்டிப் பால் தயிரை மிக்ஸியில் எவ்வளவு சுழற்றினாலும் நுரைதான் மிஞ்சுகிறது. குற்றம் கையிலில்லை. ஆலையில் பாலை நுண்துளை வழியே அழுத்தி அனுப்பிக் கொழுப்பை மிக நுண்ணிய துளிகளாக உடைத்துவிடுகிறார்கள். அவை மீண்டும் ஒன்றுசேர்வது அரிது. கறந்த மாட்டுப்பால் கிடைத்தாலும், நம் ஊர் நண்பகலில் வெண்ணெய் இளகித் திரளாது. ஆய்மகள் விடியலைத் தேர்ந்த காரணம் இதுவே. தாமதமாக எழுபவர் ஐஸ் கட்டி போட வேண்டும்.

7. முடிவும் பரிந்துரைகளும்

செம்பனை வந்தது, லயம் காலியானது, மக்கள் தாமான் எனும் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே வேலிக்கும் பூட்டு, கதவுக்கும் பூட்டு. தனித்த வீட்டில் உறை செத்தால் வம்சமே முடிந்தது. ஆகவே: ஒன்று, பானையின் கடைசிக் கரண்டி மோரைக் குடிப்பது குற்றமாகும். இரண்டு, உறை வாங்கிய கிண்ணத்தை வெறுங்கிண்ணமாகத் திருப்பித் தரலாகாது. மூன்று, பேச்சுவார்த்தை இல்லாத இரு வீடுகளுக்கு நடுவே உள்ள வீடு உறைத் தரகராகச் செயல்பட வேண்டும். தரகுக் கூலி ஒரு டம்ளர்.

இந்த வரிசைக்கே முதன்முதலில் உறை கொடுத்த வீடு எது என்பது மேலாய்வுக்குரியது. மூலம் என்று எல்லாரும் ஒருமனதாகச் சுட்டிய வீட்டார் நேற்று ஒரு கிண்ணத்தோடு வந்து கேட்டுவிட்டுப் போனதால், விசாரணை நீள்கிறது.