துறையூரில் இருந்தபடியே வெப் ஹோஸ்டிங்கில் ஏமாறுவது எப்படி?

துறையூர் நெல் வியாபாரியை ஏமாற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. மூட்டைக்குள் கைவிட்டு அள்ளுவார், ஊதுவார், ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்ப்பார். ‘கடக்’கென்று உடைந்தால்தான் விலை பேசுவார், மசிந்தால் “ஈரம் இருக்குப்பா” என்று நகர்ந்துவிடுவார். அதே மனிதர் தன் அரிசி மண்டிக்கு வெப்சைட் வேண்டும் என்றதும், அதற்கு இணையத்தில் இடம் (ஹோஸ்டிங்) வாடகைக்குத் தரும் முகம் தெரியாத கம்பெனிக்கு மூன்று வருடப் பணத்தை ஜிபேயில் தட்டிவிடுகிறார். இவ்வளவு நல்ல மனசுக்காரர்கள் முறைப்படி ஏமாற ஒரு கையேடு வேண்டாமா? இதோ.

1. கொட்டை எழுத்தை மட்டும் படியுங்கள். ‘மாதம் 59 ரூபாய்’ என்றிருக்கும். மூன்று வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால்தான் அந்த விலை, 18 சதவீத ஜிஎஸ்டி தனி, புதுப்பிக்கும்போது இரண்டு மூன்று மடங்கு என்பதெல்லாம் கீழே பொடி எழுத்தில் கிடக்கும். கண்ணுக்கு எதற்குச் சிரமம்?

2. கடிகாரம் ஓடினால் நீங்களும் ஓடுங்கள். ‘சலுகை முடிய இன்னும் 9 நிமிடம்’ என்று காட்டும். பக்கத்தை மூடித் திறந்தால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். அதனால் மூடவே மூடாதீர்கள். இப்படிப் போலி அவசரம் காட்டுவது, கேட்காத சேவையைப் பில்லில் நுழைப்பது உட்பட 13 தந்திரங்களை மத்திய அரசு 2023 நவம்பரிலேயே தடை செய்துவிட்டது. அதை யாரிடமும் சொல்லி அவர்கள் மனசைப் புண்படுத்த வேண்டாம்.

3. ஊர், பேர் விசாரிக்காதீர்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி, இணையத்தில் விற்பவர் தன் சட்டப்படியான பெயர், முகவரி, குறைதீர் அலுவலர் விவரம் எல்லாவற்றையும் வெளியிட வேண்டும். இவர்கள் தருவது ஒரு வாட்ஸ்அப் எண். தப்பித்தவறி ஜிஎஸ்டி எண் கொடுத்தால், அரசு தளத்தில் போட்டுப் பார்க்காதீர்கள். ‘சென்னைத் தலைமையகம்’ என்பவர் எண் தமிழ்நாட்டுக்குரிய 33இல் தொடங்கவில்லையே என்றெல்லாம் கேட்டால் உறவு கெட்டுவிடும்.

4. வயதைக் கேட்காதீர்கள். ‘பத்தாண்டு அனுபவம்’ என்கிற கம்பெனியின் சொந்த டொமைன் (இணைய முகவரி) பதிவான தேதியை, டொமைன் பெயர்களை மேற்பார்க்கும் ஐகான் (ICANN) அமைப்பின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். போன தீபாவளிக்குப் பிறந்த குழந்தை என்று தெரிந்துவிட்டால் உங்களுக்குத்தான் சங்கடம்.

5. கணக்குப் போடாதீர்கள். ‘99.9 சதவீதம் இயங்கும்’ என்றால், வருடத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம் படுத்தாலும் சொன்ன சொல் தவறவில்லை என்று பொருள். ‘அன்லிமிடெட்’ இடத்துக்குள்ளும் இத்தனை கோப்புகள்தான் என்று ஒரு உச்சவரம்பு ஒளிந்திருக்கும். பல கம்பெனிகளில், உங்களுக்கு வந்து சேரும் ஒவ்வொரு மின்னஞ்சலும் அதில் ஒரு கோப்பு.

6. பேக்கப்பை அவர்கள் பொறுப்பிலேயே விடுங்கள். 2021 மார்ச் 10இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஹெச் என்ற பெரிய, பெயர்பெற்ற கம்பெனியின் டேட்டா சென்டரே தீப்பிடித்து எரிந்தது. வேறு இடத்தில் நகல் வைத்திராத பலருக்குத் தரவு திரும்பக் கிடைக்கவில்லை. பேர்போன இடத்திலேயே அந்தக் கதி என்றால், வாட்ஸ்அப் கம்பெனியில் இன்னும் சுலபம்.

7. எல்லாவற்றுக்கும் மேலாக, டொமைனை உங்கள் பெயரில் வாங்காதீர்கள். இதுதான் தலையாய படி. “அண்ணே, ஓடிபி, பாஸ்வேர்டு எல்லாம் உங்களுக்கு எதுக்கு? நான் பாத்துக்கறேன்” என்று வெப்சைட் போடும் தம்பி சொல்வார். சரி என்று தலையாட்டுங்கள். அவருடைய மின்னஞ்சல், அவருடைய செல் எண்ணில் டொமைன் பதிவாகும். நீங்கள் அந்த முகவரியை 25 கிலோ பையில், விசிட்டிங் கார்டில், மண்டி போர்டில் எல்லாம் அச்சடித்துவிடுங்கள். அடுத்த வருடம் தம்பி வேறு வேலைக்குப் போய் எண்ணை மாற்றியிருப்பார். புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல் யாரும் திறக்காத மின்னஞ்சலில் தூங்கும். காலாவதியான டாட் காம் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கிய பின்னும், கூடுதல் அபராதம் கட்டி மீட்க 30 நாள் அவகாசம் உண்டு; ஆனால் மீட்க வேண்டியவர் கணக்கு வைத்திருக்கும் தம்பி. அப்புறம் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். பை என்னவோ உங்களுடையது. அதில் அச்சடித்த கடை இன்னொருவருடையது.

செய்யவே கூடாதவை: டொமைனை உங்கள் மின்னஞ்சலில், ஹோஸ்டிங் தராத வேறு கம்பெனியில் வாங்குவது, சனிக்கிழமை ராத்திரி 11 மணிக்கு ஒரு கேள்வி அனுப்பி யார் பதில் சொல்கிறார்கள் என்று பார்ப்பது, முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுவது, புதுப்பிக்கும் விலையை எழுத்தில் கேட்பது, மாதம் ஒருமுறை நகலை இறக்கி பென் டிரைவில் வைப்பது, ஏமாந்ததும் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைப்பது.

இந்தக் கையேட்டைப் பின்பற்றியும் நீங்கள் ஏமாறாவிட்டால் 30 நாளில் முழுப்பணமும் திருப்பித் தரப்படும். டொமைன் கட்டணம், செட்டப் கட்டணம், ஜிஎஸ்டி, மீதித் தொகை ஆகியவை நீங்கலாக.